கசப்பு வேரில் இனிப்புப் பாதாம்

கேள்வி: மத்தியதரைக்கடல் நாடுகளில் கசப்புப் பாதாம் நாற்றின் மேல் இனிப்பு ரகத்தை ஒட்டுக்கட்டும் வழக்கம் உண்டு என்று படித்தேன். கசப்புப் பாதாமில் சயனைடு உண்டாகும் என்கிறார்களே, அந்த நஞ்சு வேரிலிருந்து ஏறி நாம் தின்னும் பருப்புக்கு வந்துவிடாதா?
— வாசகி, கோவில்பட்டி

பதில்: வராது. இரவில் ஊறவைத்துக் காலையில் பிதுக்கி எறிகிறோமே, பாதாமின் அந்தப் பழுப்புத் தோல் தாய்மரத்தின் திசு. கசப்பு மரங்களில் காய் வளரும்போது இந்தத் தோலில்தான் புரூனாசின் என்னும் பொருள் உருவாகிறது. அது உள்ளே பருப்புக்குச் சென்று அமிக்டலினாக மாறித் தங்குகிறது. பருப்பைக் கடித்து மெல்லும்போது நொதிகள் அதைச் சிதைக்க, ஹைட்ரஜன் சயனைடும், கடையில் விற்கும் பாதாம் எசென்ஸின் மணத்துக்குக் காரணமான பென்சால்டிஹைடும் வெளிப்படுகின்றன. இனிப்பு ரகங்களில் இந்த உற்பத்தியைத் தூண்டிவிடும் மரபணு ஒன்று மாறிப்போய்ச் செயலற்றிருப்பதை ஆய்வாளர்கள் 2019இல் கண்டறிந்தார்கள். காய்க்கும் கிளைகள் யாவும் ஒட்டுக்குச்சியிலிருந்து, அதாவது மேலே ஒட்டிய இனிப்பு ரகத்துக் குச்சியிலிருந்து, வளர்ந்தவை என்பதால், பருப்பின் சுவையை முடிவு செய்வது அந்தக் குச்சியின் மரபுதான். மகரந்தம் கசப்பு மரத்திலிருந்து வந்து சேர்ந்தாலும் அந்தப் பருப்பு கசக்காது. ஆனால் ஒட்டுக்குக் கீழே வெடிக்கும் துளிரைக் கிள்ளாமல் விட்டுவிட்டால், அது வேர்ச்செடியின், அதாவது அடியிலுள்ள கசப்பு நாற்றின், கிளையாகவே வளர்ந்து கசப்புக் காயைத் தரக்கூடும்.

வேரின் கதை வேறு. அமிக்டலின் பருப்போடு நின்றுவிடுகிறது. புரூனாசினோ இனிப்பு மரம், கசப்பு மரம் இரண்டின் வேரிலும் இலையிலும் காணப்படுகிறது. பொதுவாகக் கசப்பு மரங்களின் வேரில் அது கூடுதல். வேரைக் குடையும் காப்னோடிஸ் வண்டின் புழுக்களை இது தடுக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பில் வேர்ச்செடி ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆயினும் பருப்பின் கசப்புக்கும் வேரிலுள்ள அளவுக்கும் நெருங்கிய பொருத்தம் இல்லை என்பதால், பருப்பைச் சுவைத்துப் பார்த்து வேர்ச்செடி தேர்ந்தெடுப்பதை நான் நம்பமாட்டேன்.

உங்கள் ஐயம் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. கொட்டை மரம் அல்ல என்றாலும் பேரிக்காயை இங்கே குறிப்பிட வேண்டும்: பேரிக்கு உறவான குவின்ஸ் என்னும் பழமரத்தின் வேர்ச்செடி மேல் சில பேரி ரகங்களை ஒட்டினால், குவின்ஸிலுள்ள புரூனாசின் ஒட்டைக் கடந்து பேரியின் பட்டைக்குள் ஏறி, அங்குள்ள நொதியால் சிதைந்து, வெளிப்படும் சயனைடு இணைப்பிடத்துத் திசுக்களைக் கொன்றுவிடுகிறது. அங்கும் சேதம் ஒட்டிடத்தில்தான்.

காக்க வேண்டிய தற்காப்பே மரத்தைக் கொல்வதற்குக் கலிஃபோர்னியாவின் வால்நட் தோப்புகளில் சான்று உண்டு. அங்கே இங்கிலீஷ் வால்நட்டைக் கறுப்பு வால்நட் வேரிலோ, இரண்டின் கலப்பினமான பாரடாக்ஸ் வேரிலோ ஒட்டுவார்கள். மகரந்தத்தோடு வரும் செர்ரி இலைச்சுருள் வைரஸை மேலேயுள்ள இங்கிலீஷ் வால்நட் பொறுத்துக்கொள்ளும். வைரஸ் மெல்லக் கீழிறங்கி ஒட்டைத் தொட்டதும், கறுப்பு வால்நட் திசு அதைத் தடுக்கத் தன் செல்களையே சாகடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் பட்டையைச் சீவிப் பார்த்தால் மையால் கோடிழுத்ததுபோல் மெல்லிய கறுப்பு வரி தெரியும். அந்த வரி மரத்தைச் சுற்றி வளைத்து முடித்தால், மேல்மரம் பட்டுப்போகும். இந்த வைரஸுக்கு அஞ்சுவோர் இங்கிலீஷ் வால்நட்டை அதன் சொந்த இனத்து வேரிலேயே ஒட்டலாம். ஆனால் ஆர்மில்லேரியா வேரழுகல் பூஞ்சையை அந்த வேர் கறுப்பு வால்நட் அளவுக்குத் தாங்காது.