கஜகஸ்தானின் கஸாக் மொழியில் மணி சொல்வதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

'யெகிதென் ஒன் மினூத் கெத்தி', 'யெகிகெ ஒன் மினூத் கால்டி' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். 'யெகி' இரண்டு, 'ஒன்' பத்து. முதலாவது, இரண்டிலிருந்து பத்து நிமிடம் போய்விட்டது: 'டென் பாஸ்ட் டூ', அதாவது 2.10. இரண்டாவது, இரண்டுக்குப் பத்து நிமிடம் பாக்கி: 'டென் டு டூ', 1.50. எண்ணோடு ஒட்டும் உருபைப் பாருங்கள். 'தென்' வந்தால் மணி தாண்டிவிட்டது. 'கெ' வந்தால் இன்னும் ஆகவில்லை. நம்முடைய 'இருந்து', 'கு' மாதிரியேதான், தமிழருக்கு இது சுலபம். 'யெகி ஜரிம்' என்றால் இரண்டரை.

அப்புறம், 'கெஷெ' நேற்று, 'கெஷ்கெ' சாயங்காலத்தில். அவசரத்தில் படித்தால் குழம்பும். 'புகின்' என்றால் இன்று. 'புகின் கெஷ்கெ' என்பதைப் பேச்சு ஆங்கிலத்தில் 'திஸ் ஈவ்னிங்' என்றே எழுதுங்கள், 'டுடே' தேவையில்லை. 'புர்சிகுனி' நம் நாளன்னைக்கு. ஆங்கிலத்தில்தான் அதற்கு 'தி டே ஆஃப்டர் டுமாரோ' என்று நீட்டி முழக்க வேண்டும்.