குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்கள் உலோகத்தின் மேல் உள்ள மெல்லிய பனிப்படலத்தைச் சூடாக்கி உருக்கிவிடுகின்றனவா?

இல்லை. படலத்தை மாற்றுவது சூடு அன்று. எலக்ட்ரான் நீர் மூலக்கூறையே உடைப்பதுதான். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் இத்தகைய படலங்களோடு வேலை செய்திருக்கிறேன் என்பதால், கணக்கோடு சொல்கிறேன்.

10 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலும் 1 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டமும் கொண்ட கற்றை, ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கைத்தான் பரப்பில் சேர்க்கிறது. 100 கெல்வினுக்குக் (சுமார் −173 டிகிரி செல்சியஸ்) குளிர்விக்கப்பட்ட உலோகம் அதை உடனே உறிஞ்சிவிடும். ஆனால் அதே கற்றை நொடிக்கு ஏறத்தாழ ஆறு லட்சம் கோடி எலக்ட்ரான்களைக் கொட்டுகிறது. அது ஒரு சதுர சென்டிமீட்டரில் விழுந்தால், மூன்று நிமிடங்களுக்குள் மேலடுக்கின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஓர் எலக்ட்ரான் வந்துவிடும்.

நீரில் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்க சுமார் 5 எலக்ட்ரான் வோல்ட் தேவை. ஆற்றல் 7 எலக்ட்ரான் வோல்ட்டை நெருங்கும்போது, எலக்ட்ரான் மூலக்கூறில் கணப்பொழுது ஒட்டிக்கொண்டு, அதை ஹைட்ரஜன் எதிர்மின் அயனியாகவும் ஹைட்ராக்சிலாகவும் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) பிளக்கிறது. இந்தத் துண்டுகளிலிருந்து ஹைட்ரஜன், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆக்சிஜன் ஆகியவை உருவாகின்றன.

உலோகம் இதில் வெறும் தட்டு அல்ல. அதைத் தொட்டிருக்கும் மூலக்கூறின் கிளர்வாற்றலை, அதாவது எலக்ட்ரானிடமிருந்து மூலக்கூறு பெற்ற கூடுதல் ஆற்றலை, அது விரைவில் பறித்து, உடைவைக் குறைத்துவிடுகிறது. ஆனாலும் பிளாட்டினத்தின் மேல் தடித்த படலத்தை வளர்த்து 100 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்களைச் செலுத்தியபோது, அவை ஊடுருவாத ஆழத்தில், உலோகத்தை ஒட்டிய எல்லையிலும் ஹைட்ரஜன் உருவாவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆற்றல் பனிக்குள் பயணித்து எல்லைகளை அடைகிறது என்பதே இதன் பொருள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

ருத்தேனியம் என்ற உலோகத்தின் மேல் முதல் நீரடுக்கு பாதி உடைந்திருக்கிறதா, முழுதாக இருக்கிறதா என்று 2002க்குப் பிறகு பெரும் விவாதம் நடந்தது. அளக்கப் பயன்பட்ட எலக்ட்ரான் கற்றையே அடுக்கை உடைக்கக்கூடும் என்பது அதில் முக்கியமான வாதம். நானும் திரையில் விளிம்பு விளைவுப் புள்ளிகள் (ஒழுங்கான அடுக்கில் பட்டுத் திரும்பும் எலக்ட்ரான்கள் உருவாக்கும் ஒளிப்புள்ளிகள்) என் கண்ணெதிரே மங்குவதைப் பார்த்து, வெப்பநிலை நழுவுகிறது என்றே முதலில் நினைத்தேன். மாதிரியைச் சற்று நகர்த்தி, கற்றை படாத இடத்தைக் காட்டியதும் புள்ளிகள் பளிச்சென்று திரும்பின.

இன்னொன்று: ஐப்பசி, கார்த்திகை மழையில், இந்தச் சோதனை நடக்கும் வெற்றிட அறையைத் திறந்தால், சுவரில் ஒட்டிய ஈரம் போக அதை நெடுநேரம் சூடேற்ற வேண்டும், இல்லையெனில் அந்த நீரும் உலோகத்தில் உறைந்து, படலத்தின் தடிமனைப் பொய்யாக்கும். அதன்பின் மின்னோட்டத்தை நானோ ஆம்பியருக்குக் குறைத்து, ஒவ்வோர் அளவீட்டுக்கும் புதிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.