பையில் ஆறு கருவி, எத்தனை சார்ஜர்?

கேள்வி: எனக்கு வயது 45. புதுக் கருவி எது வந்தாலும் வாங்கிவிடுவேன். இப்போது என் பையில் லேப்டாப், டேப்லெட், போன், ஸ்மார்ட் வாட்ச், இயர்பட்ஸ், மின்நூல் படிக்கும் கருவி எல்லாம் இருக்கின்றன. வேலைக்காக அடிக்கடி கோவைக்கும் சென்னைக்கும் இரவு ரயிலில் போய்வருகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்ஜர், ஒரு கேபிள் என்று தோள் வலிக்கிறது. எதை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம்? – கோவை வாசகர்

பதில்: கருவிகளை அப்புறம் பார்க்கலாம். முதலில் சார்ஜர்களை வீட்டில் விடுங்கள். பையை நிறைப்பது பெரும்பாலும் அவைதான்.

உங்கள் லேப்டாப் யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் வகை என்றால், இரண்டு மூன்று போர்ட் உள்ள ஒரே ஒரு காலியம் நைட்ரைடு சார்ஜர் (பெட்டியில் ‘GaN’ என்று இருக்கும், அளவில் சிறிய வகை) போதும். எத்தனை வாட் வாங்குவது என்பதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. லேப்டாப்புடன் வந்த சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். ‘அவுட்புட்’ என்ற வரியில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 65 வாட். ஆனால் புதிதாக வாங்குவது சரியாக 65 வாட்டாக இருந்தால், லேப்டாப்போடு போனையும் செருகியதும் அந்த 65 பிரிந்துபோகும். பல மாடல்களில் லேப்டாப்புக்கு 45தான் கிடைக்கும். ராத்திரி தூங்கும்போது சார்ஜ் ஏற அது போதும். வேலை செய்துகொண்டே ஏற்ற வேண்டும் என்றால் 100 வாட் சார்ஜருக்குப் போங்கள். எந்தப் போர்ட்டில் எவ்வளவு வரும் என்ற விவரம் பெட்டியின் பின்புறம் இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேபிளில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இரு முனையிலும் யூஎஸ்பி-சி உள்ள சாதாரண சி-சி கேபிள் 60 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் உள்ளே அடையாளச் சிப் உள்ள 100 அல்லது 240 வாட் கேபிள் வேண்டும். 100 வாட் சார்ஜர் வாங்கிவிட்டுப் பழைய கேபிளைச் செருகினால் சார்ஜர் தானாகவே 60-க்கு இறங்கிவிடும். அதேபோல, 240 வாட் என்று எழுதியிருப்பதால் கோப்புகளும் வேகமாகப் போகும் என்று நினைக்காதீர்கள். அது வேறு கணக்கு. சார்ஜுக்கென்றே வரும் பல கேபிள்கள் தரவு அனுப்புவதில் பழைய யூஎஸ்பி 2.0 வேகத்திலேயே நிற்கின்றன.

போன் எந்த நிறுவனத்துடையது என்று நீங்கள் எழுதவில்லை. சாம்சங் என்றால் சார்ஜரில் ‘பிபிஎஸ்’ என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் அந்தப் போன்களின் அதிவேக சார்ஜிங் வேலை செய்யாது. ஒன்பிளஸ், ஓப்போ போன்கள் சூப்பர்வூக் என்ற சொந்த முறையில் வேகம் பிடிப்பவை. பொதுச் சார்ஜரில் மெதுவாகத்தான் ஏறும். பயணத்தில் அது பரவாயில்லை என்பேன். ஐபோன் என்றால் 2023-இல் வந்த 15-லிருந்துதான் சி போர்ட். அதற்கு முந்தையதற்குத் தனிக் கேபிள் வேண்டும். வாட்ச்சுக்கும் அதன் காந்தக் கேபிளை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இயர்பட்ஸை ஒருமுறை சோதித்துவிடுங்கள். விலை குறைந்த இயர்பட்ஸ், டிரிம்மர், சிறு விளக்கு சிலவற்றில் சி போர்ட் இருக்கும், ஆனால் சி-சி கேபிளில் செருகினால் சார்ஜ் ஏறவே ஏறாது. உள்ளே வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களைத் தயாரிப்பாளர் விட்டுவிட்டதுதான் காரணம். பழைய அகல யூஎஸ்பியிலிருந்து சி-க்கு வரும் கேபிளில் மட்டும் அவை ஏறும். புதிதாக வாங்குபவர்கள் கடையிலேயே சி-சி கேபிளைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன், டேப்லெட், ஹெட்போன், மின்நூல் கருவி எல்லாவற்றுக்கும் சி போர்ட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. பெரிய நிறுவனங்கள் ஊருக்கு ஒரு போர்ட் வைத்துத் தயாரிப்பதில்லை என்பதால் அந்தப் பலன் நமக்கும் கிடைக்கிறது. ஆகவே மைக்ரோ யூஎஸ்பி உள்ள எதையும் தள்ளுபடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இனி வாங்காதீர்கள். அந்த ஒரு பொருளுக்காகக் காலமெல்லாம் தனிக் கேபிள் சுமப்பீர்கள்.

இரவு ரயிலைப் பற்றி ஒன்று. ராத்திரி 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டியில் உள்ள சார்ஜிங் பாயின்ட்டுகளை அணைத்துவிடுவது வழக்கம். தீ விபத்தைத் தவிர்க்கத்தான். ஒன்பது மணி வாக்கில் ஏறியவுடனேயே போனைச் செருகிவிடுங்கள்.

கருவிகளில் ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால் டேப்லெட்டை விடுங்கள். லேப்டாப்பும் போனும் செய்யாத எதையும் இரண்டு நாள் பயணத்தில் அது செய்யப்போவதில்லை. மின்நூல் கருவி இருக்கட்டும். எடை சுமார் 200 கிராம்தான். ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வரும், கண்ணுக்கும் இதம்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். 30,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. விமானத்தில் கொண்டுபோகலாமா? – திருச்சி வாசகி

பதில்: வாங்காதீர்கள். விமான நிலையத்தில் பார்ப்பது வாட்-மணிக் கணக்கை. எம்ஏஎச் எண்ணை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அது வரும். 10,000-க்கு 37, 20,000-க்கு 74. உங்கள் 30,000-க்கு 111. நூறு வரை பொதுவாக அனுமதி கேட்கத் தேவையில்லை. 100-இலிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். 160-க்கு மேல் பயணிகள் கொண்டுபோகவே முடியாது. சில நிறுவனங்கள் இதைவிடக் கடுமையாகவும் இருக்கின்றன. டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் விதியைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு சிறியதானாலும் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. சரக்கு அறையில் தீப்பிடித்தால் கையால் அணைக்க யாரும் அங்கே இருக்க மாட்டார்கள். 2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படும் முன்பே எரிந்தது. மேல் அடுக்கில் இருந்த பவர் பேங்கிலிருந்து தீ தொடங்கியிருக்கலாம் என்பது விசாரணையில் வந்த முடிவு. அதன் பிறகு பல நிறுவனங்கள் விதியை இறுக்கின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கிலிருந்து போனைச் சார்ஜ் செய்வதையும், இருக்கையின் யூஎஸ்பியிலிருந்து பவர் பேங்கைச் சார்ஜ் செய்வதையும் தடை செய்துவிட்டது. எந்த நிறுவனமானாலும் அதைக் கண் படும் இடத்தில், இருக்கைக்குக் கீழே உள்ள பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அளவு அச்சில் தெளிவாக இருக்கும் 10,000 ஒன்று உங்கள் இருவருக்கும் தாராளம்.

கேள்வி: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், 5,000 எம்ஏஎச் போன். நான்கு முறை ஏற வேண்டும், மூன்று முறைதான் ஏறுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? – மதுரை வாசகர்

பதில்: இல்லை, நல்ல பொருள்தான் வாங்கியிருக்கிறீர்கள். 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் அளவு, 3.7 வோல்ட்டில். அதை 5 வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்கும்போது எம்ஏஎச் எண் குறையும், கொஞ்சம் வெப்பமாகவும் போய்விடும். பெட்டியில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று 12,000-ஐ ஒட்டிய ஓர் எண் சின்னதாக இருக்கும். கையில் கிடைப்பது அதுதான், 5 வோல்ட்டில். போனின் 5,000 அதைவிடக் குறைந்த வோல்ட்டில் சொன்ன கணக்கு என்பதால்தான் இரண்டரைக்குப் பதில் மூன்று முறை ஏறுகிறது. இனி வாங்கும்போது அந்த எண்களை ஒப்பிடுங்கள். அது அச்சிடப்படாத பொருளை நான் தொட மாட்டேன்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய பவர் பேங்க் மூன்றே மாதத்தில் உப்பிவிட்டது. ஆறு மாத உத்தரவாதம் உண்டு. விற்றவரோ ‘நீங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை’ என்கிறார். – சேலம் வாசகர்

பதில்: பணம் பிறகு, பாதுகாப்பு முதலில். அதை இனிச் சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். துணி, காகிதம் பக்கத்தில் இல்லாத இடத்தில், தரையில் வையுங்கள். சாதாரணக் கூரியரில் திருப்பி அனுப்பவும் வேண்டாம். வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

நாலா பக்கமும் படம் எடுங்கள். பின்புறம் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) குறியும் ‘ஆர்-’ என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்க வேண்டும். பவர் பேங்குக்கு இது கட்டாயம். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று தெரியும். எண்ணே இல்லை, அல்லது வேறு நிறுவனத்துடையது என்றால் உங்கள் பக்கம் இன்னும் வலுவாகிறது. விற்கவே கூடாத பொருளை அவர் விற்றிருக்கிறார்.

அடுத்து 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். பில், படங்கள், விற்றவர் அனுப்பிய பதில் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். விற்றவரை மட்டும் சொல்லாமல் இணையதளத்தின் பெயரையும் சேர்த்துப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ‘சரியாகப் பயன்படுத்தவில்லை’ என்று அவர் சொன்னால் எப்படி என்று எழுத்தில் விளக்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை ஏற்றுக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

புகார் முடியும் வரை அந்தப் பவர் பேங்க்தான் உங்கள் சாட்சி. முடிந்த பிறகும் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுங்கள்.