கடற்பசுவின் வால்

கேள்வி: கடலோரத்திலுள்ள எங்கள் வீட்டு மதிலில் அழிந்துவரும் கடல்வாழ் உயிரினங்களை வரைய ஒழுங்கைப் பிள்ளைகள் அனுமதி கேட்கிறார்கள். இதனால் பயன் உண்டா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தாராளமாகக் கொடுங்கள், அம்மா. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்தபோது, செத்துக் கரையொதுங்கிய ஆமைகளைப் படங்களில் பார்த்துப் பதைத்தோம். உயிருள்ள ஆமையின் முகம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இலங்கைக் கரைகளில் 5 இன ஆமைகள் முட்டையிடுகின்றன. அவற்றுள் அழுங்காமையை வரையச் சொல்லுங்கள்: கூரிய அலகு, கூரை ஓடுகளாய் ஒன்றன்மேல் ஒன்று படிந்த முதுகுத் தகடுகள். அதன் ஓட்டு அழகே அதற்கு எமனானது. சீப்புக்கும் நகைப்பெட்டிக்குமாகக் கொன்று குவித்தார்கள்.

ஒரேயொரு நிபந்தனை போடுங்கள். மன்னார்க் கடலின் கடற்பசுவை வரைவதாகச் சொல்லி, அதன் உறவு விலங்கான மனாட்டியின் வட்ட வாலை வரைந்துவிடக் கூடாது. எனக்கு அது பொறுக்காது! நம் கடற்பசுவின் வால் நடுவில் பிளந்தது. கடற்புல் மேய்வதற்காக மூஞ்சி கீழ்நோக்கி வளைந்தது. பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதட்டும்.

உப்புப் படிந்த மதிலை நன்னீரால் கழுவி, நன்கு காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகே வண்ணம் பூச வேண்டும். இல்லாவிட்டால் சீக்கிரமே உரிந்துவிடும்.