தேய்மானமா, அரிப்பா?

அன்புள்ள ஐயா,

கொள்ளிடக் கரையோரம் எங்கள் ஊர். ஆண்டுக்காண்டு கரை கரைந்துகொண்டே வருகிறது. கிராம சபையில் கொடுக்க ஒரு மனு எழுதினோம். ‘கரைத் தேய்மானம்’ என்று நான் எழுதியதைத் தமிழாசிரியர் ஒருவர் ‘மண்ணரிப்பு’ என்று திருத்தினார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைத்தானே இரண்டு சொல்லும் குறிக்கின்றன?

ஒரு வாசகர், மயிலாடுதுறை மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

ஆசிரியர் திருத்தியது சரி. குறைவது இரண்டிலும் பொது; குறைகிற விதம் வேறு.

தேய்வதற்கு உரசல் வேண்டும். அம்மியைப் பாருங்கள். கொத்திய புதிதில் சொரசொரவென்று இருக்கும். அரைக்க அரைக்கப் புள்ளிகள் மழுங்கி, நடுவில் குழி விழுந்து, மிளகாய் அரைபடாமல் வழுக்கத் தொடங்கும். குழவியும் கூடவே மெலியும். செருப்பு, மண்வெட்டியின் வாய், முழங்கால் மூட்டு எல்லாம் இப்படிப் புழங்கிப் புழங்கித் தேய்பவை. உட்பகை புகுந்த குடி ‘அரம்பொருத பொன்போலத் தேயும்’ என்கிறது குறள் (888). அரம் பொன்னை விடாமல் தொட்டுக்கொண்டே இருக்கிறதே, அதுதான் அங்கே அச்சம். கணக்கர்கள் இயந்திரத்தின் மதிப்பில் ஆண்டுதோறும் கழிக்கிற தேய்மானமும் புழக்கத்தால் வந்ததே.

அரிப்பு வெளியிலிருந்து வந்து தின்பது. கரையான் அரிக்கும், துரு அரிக்கும், வெள்ளம் அரிக்கும். கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்தபின் கரையைப் பார்த்திருப்பீர்கள். மேலே புல் அப்படியே இருக்கும். அடிமண் போய், நாணல் வேர்கள் அந்தரத்தில் தொங்கும். பிறகு ஒருநாள் பாளம் பாளமாகச் சரியும். தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டதும் அரிப்புதான்.

ஆனால், மனுவில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆற்றுக்குள் பொக்லைன் இறக்கி மணல் அள்ளிய பள்ளத்தையும் ‘மணல் அரிப்பு’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அரிப்பு என்று எழுதிவிட்டால் பழி ஆற்றின்மேல் விழுந்துவிடும், அள்ளியவர் பெயர் காணாமல் போய்விடும். 1934இல் மேட்டூர் அணை வந்தபிறகு, அதற்கு மேலிருந்து வரும் மணலும் வண்டலும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகின்றன. அள்ளிய குழியை நிரப்ப ஆற்றிடம் மண் இல்லை. ஆற்றின் தரைமட்டம் தாழ்ந்தால் வாய்க்கால் தலைப்பு உயரத்தில் நின்றுவிடும், தண்ணீர் ஏறாது. கரையின் அடி பிடிமானம் இழந்து இன்னும் வேகமாக அரித்துப்போகும். கடலோரக் கடைமடையில் உப்புநீர் ஆற்றுக்குள் ஏறும்.

உங்கள் ஊரில் அப்படி அள்ளியிருந்தால், கரைக்கு ‘மண்ணரிப்பு’ என்றும் ஆற்றுக்குள் இருப்பதற்கு ‘மணல் அள்ளிய பள்ளம்’ என்றும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். எந்த மதகுக்குக் கிழக்கே, எத்தனை அடி ஆழம் என்பதையும் சேருங்கள். மனுவைக் கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.