ஆன்டிகுவாவில் இரண்டு நாள், அம்மாவுக்கு முட்டிவலி
குவாத்தமாலாவின் ஆன்டிகுவாவில் இரண்டே நாள், அம்மாவுக்கு முட்டிவலி, அகாதெனாங்கோ எரிமலை ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க, அது 3,976 மீட்டர், எரிமலைச் சாம்பலில் கால் சறுக்கும். பக்கத்திலுள்ள ஃபூகோ எரிமலை புகைவதை, வானம் தெளிந்திருந்தால் ஊருக்குள்ளிருந்தே பார்க்கலாம். காலையிலேயே, கூட்டம் சேருமுன், சாந்தா கத்தலினா வளைவுக்குப் போய்விடுங்கள். கன்னியாஸ்திரிகள் வெளியார் கண்ணில் படாமல் தெருவைக் கடக்கக் கட்டியது. அங்கிருந்து லா மெர்செத் தேவாலயம் கூப்பிடு தூரம்தான்: மஞ்சள் சுவர் முழுக்க வெள்ளைச் சுதை வேலைப்பாடு, நிலநடுக்கத்துக்கு அஞ்சிக் குட்டையாக, தடிமனாக எழுப்பிய கோபுரங்கள், அவசியம் நின்று பாருங்கள். 1773 நிலநடுக்கத்துக்குப் பிறகு, அதுவரை இங்கிருந்த தலைநகரையே வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள், இடிந்த மடங்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. தெருவெல்லாம் கரடுமுரடான கல், அம்மாவுக்கு நல்ல ஷூ கட்டாயம். அப்புறம், எரிமலை ஏறியே தீரணும் என்றால் பக்காயா போங்கள், அங்கே வாடகைக் குதிரை கிடைக்கும், ஆனால் ஏறி இறங்க அம்மாவின் முட்டி ஒத்துழைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.