ராசம்மாவை யார் கொண்டாடுவது?

கேள்வி: சிங்கள சினிமாவின் முதல் கதாநாயகி ருக்மணி தேவி ஒரு தமிழ்ப் பெண், சொந்தப் பெயர் ராசம்மா என்று என் பேரன் சொன்னான். வாயடைத்துப் போனேன். நம் பிள்ளையை அவர்கள் தங்கள் ராணியாக்கிக்கொண்டார்கள். நாம் ஏன் இத்தனை காலமும் உரிமை கொண்டாடாமல் இருந்துவிட்டோம்?
(ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: பேரன் சொன்னது சரிதான். டெய்ஸி ராசம்மா டேனியல்ஸ் என்பது முழுப் பெயர். 1923 ஜனவரி 15 அன்று றம்பொடையில் பிறந்தவர், வளர்ந்தது கொழும்பில். கொழும்புச் செட்டிக் குடும்பம், கிறிஸ்தவர்கள்.

ஆனால் ஐயா, உரிமை என்ற சொல்லை நீங்கள் எடுத்ததால் கேட்கிறேன். அந்த உரிமையைச் சம்பாதிக்க நாம் என்ன செய்தோம்?

ராசம்மா பள்ளிக்கூட வயதிலேயே மேடை ஏறிவிட்டார். சிங்களத்தில் போட்ட ராமாயண நாடகத்தில் அவர்தான் சீதை. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் கம்பனைக் கரைத்துக் குடித்த நம் வீடொன்றில் ஒரு பெண்பிள்ளை அரிதாரம் பூசிக்கொண்டு சீதையாக நிற்கப்போகிறேன் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கதவைச் சாத்தியிருப்பார்கள். சீதைக்கு மீசை மழித்த ஓர் ஆணைத் தேடியிருப்போம். சிங்கள மேடையிலும் ஒரு காலத்தில் அதே கதைதான், ஆனால் அவர்கள் நமக்கு முந்தி மாறிக்கொண்டார்கள். மாறிய அந்த மேடைக்குத்தான் ராசம்மா போனார்.

அப்புறம் இசைத்தட்டு. 1930களின் பிற்பகுதியில் எச். டபிள்யூ. ரூபசிங்ஹவுடன் சேர்ந்து 'சிரி புத்தகயா விஹாரே' என்று பாடினார். மருதானையில் பழைய தட்டுகள் சேர்க்கும் நண்பர் ஒருவர் வீட்டில் அதைக் கேட்டிருக்கிறேன். ஊசி இறங்கியதும் முதலில் மழை தூறுவது போல ஓர் இரைச்சல். அதைக் கிழித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணின் குரல் எழுகிறது. எங்கேயும் குழையவில்லை. மைக் இல்லாத மண்டபத்தில் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் சொல் உடையாமல் போய்ச் சேரவேண்டும் என்று பழகிய குரல் அது. தமிழ்ப் பெயர் வைத்த கிறிஸ்தவப் பெண், புத்தர் ஞானம் பெற்ற புத்தகயாவைச் சிங்களத்தில் பாடுகிறார். நண்பர் தட்டைத் திருப்பிப் போட எழுந்தபோது, 'இன்னொரு தடவை இதையே போடுங்கள்' என்றேன்.

பிறகு நீர்கொழும்பு ஜயமான்ன சகோதரர்களின் மினர்வா நாடகக் குழு. பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன நாடகம் எழுதினார், தம்பி எடி சிரிப்பு வேடம் கட்டினார். அந்த எடியைத்தான் ராசம்மா கைப்பிடித்தார். மினர்வாவின் 'கடவுனு பொறொந்துவ' நாடகம் அப்படியே படமாகி 1947 ஜனவரி 21 அன்று கொழும்பில் திரைக்கு வந்தது. அதுதான் முதல் சிங்களப் பேசும்படம். தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் பிடித்த இடம் மதுரை, சித்ரகலா மூவிடோன். இலங்கையிலிருந்து ஒரு நாடகக் குழுவே மதுரைக்குப் போய், சிங்களத்தில் பேசி நடித்துத் திரும்பியிருக்கிறது.

தமிழ்ப் பணம் இருந்தது, தமிழ் ஸ்டுடியோ இருந்தது. ஆனால் இந்த நாட்டில் ஒரு தமிழ்ப் படம் வர 1962 ஆகவேண்டியிருந்தது. 'சமுதாயம்', அதுவும் 16 மில்லிமீட்டர் என்ற சின்ன அளவுப் படச்சுருளில். அப்போது ராசம்மாவுக்கு வயது 39. அதுவரை அவர் எந்தத் தமிழ்ப் படத்தில் நடித்திருக்க முடியும், சொல்லுங்கள். நம் பிள்ளையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது நியாயமில்லாத பேச்சு. அவர்கள் மேடை கொடுத்தார்கள், அவர் ஏறினார்.

அவர்களும் கடைசிவரை அவரைத் தாங்கினார்களா என்று கேட்டால், அதற்கும் என் பதில் வருத்தமானதுதான். 1956இல் இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சிங்களப் படம் 'ரேகாவ' வந்தது. கமரா ஸ்டுடியோவை விட்டுக் கிராமத்து வெயிலுக்கு இறங்கியது. அந்த மாற்றம் வேண்டியதே, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மினர்வா பாணியில் உரத்து அழுது உரத்துப் பாடிய நடிகைக்கு அதில் இடம் குறுகிப்போனது. கதாநாயகி அம்மா வேடத்துக்கு வந்தார். நடிகனுக்கு 55 வயதிலும் காதலி கிடைப்பாள்; நடிகைக்கு 35 தாண்டினால் வெள்ளைச் சேலையை எடுத்து நீட்டுவார்கள். சென்னை, பம்பாய், கொழும்பு எங்கும் இதே வழக்கம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அவரைத் தாங்கியது குரல். ஊர் ஊராக இசை நிகழ்ச்சிகளுக்குப் போய்ப் பாடினார். 1978 ஒக்டோபர் 28 அன்று, மாத்தறையில் பாடி முடித்துவிட்டு நீர்கொழும்பு வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஜா-எலவுக்குப் பக்கத்தில் துடெல்லவில் வாகன விபத்து. வீடு கொஞ்சத் தூரம்தான். 55 வயது. தெற்குக் கரையின் அடியில் இருக்கும் மாத்தறையில் இரவு முழுக்கப் பாடிவிட்டு, கொழும்பையும் தாண்டி வந்துகொண்டிருந்தவர். ராணி என்று பட்டம் கொடுத்த நாட்டில் அந்த வயதிலும் அவர் அப்படி ஓடவேண்டியிருந்தது.

நீங்கள் கேட்ட உரிமைக்கு வருகிறேன். போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் தமிழ் நாடகம் பார்த்தேன். தாயாக நடித்த பெண் பகலில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். ஒத்திகைக்கு வந்துபோகும் ஓட்டோக் காசு அவர் கையிலிருந்துதான் போகிறது. மகனின் சட்டையை மடித்து வைக்கும் ஒரு காட்சியில் ஒரு வசனம்கூட இல்லை. காலரை விரலால் நீவிவிட்டு, மடித்ததைப் பிரித்து, மறுபடி மடித்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். எண்ணிப் பார்த்தேன், மண்டபத்தில் 41 பேர். அதில் பாதி நடிகர்களின் சொந்தக்காரர்.

நீங்கள் வரவில்லை என்று குத்திக்காட்டவில்லை. உங்களுக்குச் செய்தி எட்டியிராது, அதை எட்டச் செய்யாதது எங்கள் பத்திரிகையின் பிழையும்தான். அடுத்த இதழிலிருந்து கொழும்பில் நடக்கும் தமிழ் நாடகங்களின் நாளும் இடமும் இந்தப் பக்கத்திலேயே வரும். பேரனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.